பத்து அங்குலம் என்றார்கள், மழை பெய்தது

கேள்வி இதுதான்: "நியூ ஜெர்சியின் எடிசனுக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. ஸ்னோ என்றால் எனக்கும் எட்டு வயது மகளுக்கும் உயிர். போன வாரம் ஐந்து நாளாக 8 முதல் 12 அங்குலம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ராத்திரி ஒரு மணி வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம். வந்தது மழை. காலையில் வாசலில் அரை அங்குலச் சேறு. மகள் அழுதுவிட்டாள், எனக்கும் கிட்டத்தட்ட அதே நிலைதான். ஏன் இப்படி ஆகிறது? இங்கே பல வருடம் இருப்பவர்கள் இதை எப்படித் தாங்குகிறீர்கள்?"

முதலில், இதற்காக வெட்கப்படாதீர்கள். வீட்டுக்கடன் கட்டுகிற, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்ட ஆட்களெல்லாம் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இருபத்திரண்டு குளிர்காலமாக நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஸ்னோ விழுகிறதா என்று வானத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, விளக்குக் கம்பத்தைத்தான் பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்குள் நேர்கோடாக விறுவிறுவென்று இறங்கினால் மழை. தயங்கித் தயங்கி, பக்கவாட்டில் அலைந்து இறங்கினால் ஸ்னோ. இரண்டும் கலந்து இறங்கும் ராத்திரிகள் இருக்கின்றனவே, அவைதான் ஆளைக் கொல்லும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குப் பதில் தெரிந்தாலே பாதி ஏமாற்றம் குறைந்துவிடும் என்பது என் அனுபவம். மீதிப் பாதிக்குச் சில பழக்கங்கள் இருக்கின்றன. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து தொடங்குவோம். எடிசன் வழியாக ஐ-95 நெடுஞ்சாலை போகிறது, நாம் டர்ன்பைக் என்போமே அதுதான். வாஷிங்டன், பால்டிமோர், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க், பாஸ்டன் எல்லாமே இந்தச் சாலையில் கோத்த ஊர்கள். பாதிக் குளிர்காலப் புயல்களில் மழைக்கும் பனிக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோடும் இந்தச் சாலையை ஒட்டித்தான் ஓடும். கிழக்கே அட்லாண்டிக் கடல். டிசம்பர் மாதத்தில்கூட நம் கரையோரத் தண்ணீர் 45 டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சுற்றி இருக்கும். தண்ணீர் உறைவது 32-ல். அந்தக் கடலைத் தடவிக்கொண்டு வரும் காற்று உள்ளே நுழைந்தால் ஸ்னோ மழையாகிவிடும். மேற்கே அப்பலாச்சியன் மலைத்தொடர். அதன் கிழக்கு அடிவாரத்தில் வடக்கிலிருந்து வந்த குளிர்காற்று அணை கட்டினாற்போல் தேங்கி நிற்கும். கடலும் மலையும் இழுக்கும் கயிற்றின் நடு முடிச்சில் நீங்கள் வீடு வாங்கியிருக்கிறீர்கள். பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறதா, நம்மூர்க் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோடு எவ்வளவு தூரம் என்று பார்த்தோமே தவிர இதை யார் பார்த்தோம்?

இங்கே பெரிய ஸ்னோ கொண்டுவருவது நார்ஈஸ்டர் என்கிற கரையோரப் புயல். காற்று வடகிழக்கிலிருந்து அடிப்பதால் அந்தப் பெயர். இந்தப் புயலின் மையம் எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஸ்னோ பைத்தியங்கள் ஒரு புள்ளியை மனப்பாடமாக வைத்திருப்பார்கள்: நாண்டக்கெட் தீவுக்குத் தெற்கே, 40 டிகிரி வடக்கு, 70 டிகிரி மேற்கு. 'பெஞ்ச்மார்க்' என்பார்கள். மையம் அதை ஒட்டிப் போனால் நமக்கு யோகம். ஐம்பது மைல் கரைப்பக்கம் ஒதுங்கினால் கடல்காற்று புகுந்து நமக்கு மழை, பென்சில்வேனியா மலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நூறு மைல் வெளியே தள்ளிப்போனால் மீன்களுக்குத்தான் ஸ்னோ. நூறு மைல் என்பது சென்னையிலிருந்து விழுப்புரம் போகிற தூரம். ஐந்து நாள் முன்னாலேயே, இன்னும் பிறக்காத ஒரு புயலின் பாதையை அந்தத் தூரத்துக்குள் சொல்லு என்று கேட்கிறோம்.

பிறக்காத புயல் என்று சும்மா சொல்லவில்லை. ஐந்து நாள் முன்பு உங்கள் புயல் ஒரு புயலாகவே இருக்காது. அலாஸ்கா பக்கம் மேல்காற்றில் ஒரு சுழிப்பும், கலிஃபோர்னியாவுக்கோ மெக்சிகோவுக்கோ மேற்கே இன்னொரு சுழிப்புமாக, பசிபிக் மேல் தனித்தனியாக வந்துகொண்டிருக்கும். இரண்டும் சரியான இடத்தில், சரியான நேரத்தில் கைகோத்தால்தான் அட்லாண்டிக் கரையில் பெரும் புயல். ஒன்று ஆறு மணி நேரம் பிந்தினாலும் கதை மாறிவிடும். கடலுக்கு மேல் இருக்கும்போது அவற்றைச் செயற்கைக்கோளும் விமானங்களும்தான் பார்க்கின்றன. தரைக்கு வந்த பிறகுதான், நாளுக்கு இரண்டு முறை பறக்கவிடும் வானிலை பலூன்கள் அவற்றை நேரடியாக அளக்கும். கடைசி இரண்டு நாளில் கணிப்பு சட்டென்று மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிபுணர்களே விழுந்த கதை ஒன்று சொல்கிறேன். 2015 ஜனவரி 26, 27. நியூயார்க் நகரத்துக்கு இரண்டு அடி, அதற்கு மேலும் வரலாம் என்று எச்சரிக்கை. நகர வரலாற்றிலேயே மிகப் பெரிய பனிப்புயல்களில் ஒன்றாக இருக்கலாம் என்றார் மேயர். ஆளுநர் ராத்திரி 11 மணிக்குச் சப்வே என்கிற சுரங்க ரயிலை நிறுத்தினார். ஸ்னோவுக்காக மொத்தச் சப்வேயையும் மூடியது அதன் நூற்றுப்பத்து வருட வரலாற்றில் அதுவே முதல் முறை. சாலைகளிலும் வண்டி ஓட்டத் தடை. விடிந்தபோது சென்ட்ரல் பார்க்கில் 9.8 அங்குலம். ஃபிலடெல்ஃபியாவில் ஓர் அடி அளவுக்கு எதிர்பார்த்த இடத்தில் ஓர் அங்குலத்தை ஒட்டித்தான் விழுந்தது.

அதே ராத்திரி, சென்ட்ரல் பார்க்கிலிருந்து நாற்பத்தைந்து மைல் கிழக்கே, லாங் ஐலண்டில் ஐஸ்லிப் விமான நிலையத்தில் 24.9 அங்குலம். பாஸ்டனில் இரண்டு அடி. மாசசூசெட்ஸின் வூஸ்டரில் 34.5. புயல் சொன்னபடி வந்தது, சொன்ன அளவுக்குக் கொட்டவும் செய்தது. ஐம்பது மைல் கிழக்கே தள்ளிக் கொட்டியது, அவ்வளவுதான். வானிலைக்காரர்கள் கண்ணால் பார்த்தால் இது நல்ல கணிப்பு. மன்ஹாட்டனில் மண்வாரியோடு காத்திருந்தவர் கண்ணுக்குப் பச்சைப் பொய்.

அப்போது ஃபிலடெல்ஃபியாவுக்கும் நியூ ஜெர்சியின் பெரும்பகுதிக்கும் பொறுப்பான மவுண்ட் ஹாலி வானிலை அலுவலகத்தின் தலைவர் கேரி ஷட்கோவ்ஸ்கி, ட்விட்டரில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். எங்களை நம்பிக் கடினமான முடிவுகள் எடுத்தீர்கள், நாங்கள் சரியாகச் சொல்லவில்லை என்கிற அர்த்தத்தில். ஓர் அரசு அலுவலர் அப்படிக் கேட்டதைப் பார்த்து எனக்கு ஏமாற்றமே போய்விட்டது. திட்டத் தயாராக வைத்திருந்த வார்த்தைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்தப் புயலில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. மாடல் என்பது வானிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரல். ஐரோப்பிய மாடல், நாம் 'யூரோ' என்பது, நியூயார்க்குக்கு வாரி வழங்கியது. அதற்குச் சில நாள் முன்புதான் மேம்படுத்தியிருந்த அமெரிக்க மாடல் ஜிஎஃப்எஸ், புயல் கிழக்கே போகும், இங்கே குறையும் என்றது. பொதுவாக யூரோவின் கைதான் ஓங்கியிருக்கும். 2012-ல் சாண்டி புயல் கரைக்குத் திரும்பும் என்று முதலில் சொன்னதும் அதுதான். அதனால் எல்லோரும் யூரோ பக்கம் சாய்ந்தார்கள். அன்றைக்கு ஜெயித்தது ஜிஎஃப்எஸ். எப்போதும் ஜெயிக்கிற மாடல் என்று ஒன்று கிடையாது.

சரி, உங்கள் புயலுக்கு வருவோம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பாதை தவறிய கதை போலத் தெரியவில்லை. ஈரம் வந்தது, மேகம் வந்தது, குளிர்தான் போதவில்லை. இந்த வகைக்குப் பேர்போன உதாரணம் 2013 மார்ச் 6. வாஷிங்டனுக்கு அரை அடி, அதற்கு மேலும் என்று சொல்லி, மத்திய அரசு அலுவலகங்களையெல்லாம் மூடினார்கள். ரீகன் விமான நிலையத்தில் அளந்தது 0.2 அங்குலம். நாள் முழுக்க மழை, 32-க்கு மேலேயே நின்ற வெப்பம். அந்த நேரத்து அரசுச் செலவு வெட்டுக்கு 'சீக்வெஸ்டர்' என்று பெயர் என்பதால் புயலுக்கு 'ஸ்னோக்வெஸ்டர்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்தது மட்டும்தான் மிச்சம்.

ஏன் குளிர் போதாமல் போகிறது? இதில் இரண்டு வேலை நடக்கும். நம் மண்பானை தெரியுமில்லையா, தண்ணீர் கசிந்து ஆவியாகி உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிரவைக்கும். மேகத்துக்குக் கீழே காற்று வறண்டிருந்தால், விழுகிற பனியும் மழையும் வழியிலேயே ஆவியாகி அந்தக் காற்றைக் குளிரவைக்கும். மழையாகத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் ஸ்னோவாக மாறுவது இப்படித்தான். ஆனால் அதற்குக் கொட்டுகிற வேகமும் வேண்டும். பிசுபிசுவென்று தூறினால் காற்று குளிராது, மழை மழையாகவே நிற்கும். 34 டிகிரியில் வேகமாகக் கொட்டினால் புல்வெளி வெள்ளையாகும், அதே 34-ல் மெதுவாகப் பெய்தால் வெறும் ஈரம். மாடலுக்கு அந்த வேகத்தைச் சரியாகப் பிடிப்பது பெரும் பாடு.

இரண்டாவது வேலை மேலே, ஐந்தாயிரம் அடியிலிருந்து பத்தாயிரம் அடி உயரத்தில் நடக்கும். தரையில் குளிர், மேகத்திலும் குளிர், நடுவில் மட்டும் ரொட்டிக்கு நடுவே ஜாம் தடவினாற்போல் கதகதப்பான ஓர் அடுக்கு கடலிலிருந்து புகுந்துவிடும். அந்த அடுக்கில் ஒரே ஒரு டிகிரி கூடினாலும் போதும், பனித்துகள் உருகிவிடும். கீழே வந்து மறுபடி உறைந்தால் குருணை போன்ற ஐஸ். அதுதான் ஸ்லீட்.

ஸ்லீட்டைக் கண்ணால் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஸ்னோவுக்குச் சத்தம் கிடையாது. ஊரே காதில் பஞ்சு வைத்த மாதிரி இருக்கும். படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் கண்ணாடியில் கடுகு பொரிகிற சத்தம் கேட்டால் ஆட்டம் முடிந்தது. என் மனைவி தூக்கத்திலேயே, "தாளிச்சாச்சு, படுங்க" என்பாள்.

இனி அந்த வரைபடங்கள். ஐந்து நாளாக 8 முதல் 12 என்று சொன்னார்கள் என்கிறீர்கள். யார் சொன்னார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஐந்து நாள் முன்பு வானிலை அலுவலகம் பெரும்பாலும் அங்குலக் கணக்கு சொல்லாது. புயல் வர வாய்ப்பிருக்கிறது, மழையா பனியா என்று சொல்ல இன்னும் காலமிருக்கிறது என்கிற தோரணையில்தான் எழுதும். ஊதாவும் இளஞ்சிவப்புமாக உங்கள் போனுக்கு வந்த படம், ஏதோ ஒரு மாடலின் ஒரே ஒரு ஓட்டத்தைக் கணினி நிறம் பூசித் தந்தது. மனிதர் யாரும் அதைப் பார்த்துச் சரிசெய்யவில்லை. அமெரிக்க மாடல் நாளுக்கு நான்கு முறை ஓடும், நான்கு முறையும் நான்கு படம் வரும். அந்த நான்கில் பகிரப்படுவது எது? மூன்று அங்குலம் காட்டும் படத்தை யாராவது அத்தைக்கு வாட்ஸப்பில் அனுப்புவார்களா?

அந்தப் படங்களில் இன்னொரு கள்ளத்தனம். ஓர் அங்குல மழைத்தண்ணீர் இருந்தால் பத்து அங்குல ஸ்னோ என்று கண்ணை மூடிக்கொண்டு பத்தால் பெருக்கும். நல்ல குளிரில் அது பதினைந்தும் இருபதும் ஆகலாம். நம் கரையோர ஈரப் பனியில் ஐந்தோ ஆறோதான் தேறும். சில தளங்களின் படங்களில் ஸ்லீட்டையும் ஸ்னோ கணக்கிலேயே சேர்த்துவிடுவார்கள். விழுந்த உடனே ரோட்டில் உருகுவதைக் கழிக்கவும் மாட்டார்கள். மார்ச் மாதப் பகல் வெயில் மேகத்தைத் தாண்டியும் வேலை செய்யும் என்பது அந்தப் படத்துக்குத் தெரியாது. ஆக, 12 என்று காட்டிய படத்துக்கும் உங்கள் வாசலின் அரை அங்குலத்துக்கும் நடுவே பாதிக் களவு படத்திலேயே நடந்துவிட்டது.

இந்த இடத்தில் என் சொந்த மூடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்பு இப்படி ஒரு படத்தை நம்பி, அலுவலகத்தில் லீவு போட்டு, பனியை வாரி ஒதுக்கும் ஸ்னோ ப்ளோயர் மெஷின் புதிதாக ஒன்று வாங்கி, பெட்ரோல் ஊற்றி, கராஜ் வாசலைப் பார்த்து நிறுத்தி வைத்தேன். மறுநாள் 41 டிகிரி, மழை. பக்கத்து வீட்டுப் பெரியவர் குடை பிடித்துக்கொண்டு வந்து மெஷினைச் சுற்றிப் பார்த்து, நல்ல நிறம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குளிர்காலம் முழுக்க அதை நான் ஓட்டவே இல்லை.

தாங்குகிற வழிக்கு வருகிறேன். ஆசைப்படாதே என்று சொல்ல மாட்டேன், அது நடக்காத காரியம். எப்போது, எதைப் பார்த்து ஆசைப்படுவது என்பதைத்தான் மாற்றிக்கொள்ள முடியும்.

புயலுக்கு மூன்று நாள் இருக்கும் வரை நான் அங்குலப் படங்களைத் திறப்பதில்லை. அதுவரை பார்ப்பது கூட்டுக் கணிப்பை மட்டும். யூரோ, தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஐம்பத்தொரு தடவை ஓடும். ஜிஎஃப்எஸ் அதேபோல முப்பத்தொரு தடவை. ஐம்பத்தொன்றில் எத்தனை நமக்கு ஆறு அங்குலத்துக்கு மேல் கொடுக்கின்றன என்று எண்ணினால் போதும். பத்துப் பன்னிரண்டு கொடுத்தால், நாலில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்று என்கிற வாய்ப்பு. அந்த வாய்ப்பில் லாட்டரி வாங்கலாம், லீவு போடலாமா?

இரண்டு நாளுக்குள் வந்ததும் வானிலை அலுவலகத்தின் பக்கத்துக்குப் போவேன். அங்கே எதிர்பார்க்கும் அளவோடு, குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று மேலும் இரண்டு வரைபடம் இருக்கும். பத்தில் ஒன்பது வாய்ப்பு உள்ளது குறைந்தபட்சம், பத்தில் ஒன்றே ஒன்று உள்ளது அதிகபட்சம். உங்கள் ஊருக்கு 0, 6, 12 என்று மூன்று எண் இருந்தால், அது 6 என்ற கணிப்பு அல்ல. எனக்குத் தெரியாது என்பதை மரியாதையாகச் சொல்லும் விதம். 5, 8, 11 என்று இருந்தால் ஸ்னோ ப்ளோயருக்குப் பெட்ரோல் ஊற்றுங்கள். மகளிடம் சொல்லும்போது எப்போதும் அந்தக் குறைந்தபட்ச எண்ணைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட நான் வாக்குக் கொடுத்ததில்லை.

அப்புறம், அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிற அந்தக் கணிப்பாளரின் விளக்கக் குறிப்பைப் படிக்கப் பழகுங்கள். நாளுக்குச் சில முறை வெளியிடுவார்கள், யாரும் படிக்கலாம். சுருக்கெழுத்தும் தொழில் சொற்களுமாக முதலில் மிரட்டும், ஒரே மாதத்தில் பிடிபட்டுவிடும். நம்பிக்கை குறைவு, பாதையில் இன்னும் தெளிவில்லை, கரையோரம் மழையாக மாற வாய்ப்பு என்று அங்கே மனிதக் குரல் கேட்கும். டிவியில் வருகிற ஒற்றை எண்ணில் அந்தக் குரல் வராது.

ராத்திரி விழித்திருப்பது பற்றியும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் ஜிஎஃப்எஸ்-ஸின் இரவு ஓட்டம் நமக்குப் பத்தரை மணிக்கு மேல் வரத் தொடங்கும். யூரோ வர ஒரு மணி ஆகும். அதற்காக விழித்திருந்து பார்த்த எவருக்கும் மறுநாள் அதனால் ஓர் அங்குலம் கூடி விழுந்ததில்லை. ஆனாலும் நான் சில ராத்திரி பார்ப்பதுண்டு, மறைக்கவில்லை. கிரிக்கெட் மாதிரிதான் அது. ஸ்கோர் காலையில் தெரியும் என்பதற்காக ஆட்டத்தைப் பார்க்காமல் இருக்கிறோமா? ஸ்னோ விழுவது ஒரு சந்தோஷம், அதைத் துரத்திப் பார்ப்பது தனியாக இன்னொரு சந்தோஷம். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால்தான் நஷ்டம் வருகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு, அதை மறந்துவிடுகிறோம். 2000 ஜனவரி 24 மாலை வரை பெரும்பாலான கணிப்புகள் புயல் கடலோடு போய்விடும் என்றன. மறுநாள் நார்த் கரோலினாவின் ராலேயில் 20.3 அங்குலம், அந்த ஊருக்குச் சாதனை. வாஷிங்டன்காரர்கள் ஒன்றுமில்லை என்று படுத்து, வெள்ளை ஊரில் கண்விழித்தார்கள். 2010 கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு மாடல்கள் ஒரு புயலைக் காட்டி, பிறகு தொலைத்துவிட்டன. பண்டிகைக்கு முந்தின நாள் திடீரென்று அது திரும்பி வந்தபோது அனுபவசாலிகளே முதலில் நம்பவில்லை. 26, 27 தேதிகளில் சென்ட்ரல் பார்க்கில் 20 அங்குலம். 2016 ஜனவரியில் நியூயார்க்குக்கு முதலில் ஓரடிக்கு உள்ளேதான் பேச்சு, கடைசியில் 27.5 அங்குலம், 1869 முதல் உள்ள பதிவுகளிலேயே பெரிய ஒற்றைப் புயல். இவற்றுக்கெல்லாம் நாம் யாரும் வானிலை அலுவலகத்தைத் திட்டிக் கடிதம் எழுதவில்லை.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. வரவர இந்த எல்லைக்கோடு நமக்குச் சாதகமாக இல்லை. சென்ட்ரல் பார்க்கில் ஒரு பருவத்துக்குச் சராசரி முப்பது அங்குலம். 2022-23 பருவம் முழுக்க விழுந்தது 2.3 அங்குலம், பதிவுகளிலேயே மிகக் குறைவு. ஒரே நாளில் ஓர் அங்குலம்கூட விழாமல் 701 நாள் போய், 2024 ஜனவரியில்தான் அந்த வறட்சி முடிந்தது. 1995-96-ல் இதே பூங்காவில் 75.6 அங்குலம் விழுந்தது என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்லும்போது, ஏரி நிறைந்த கதையைத் தாத்தா சொல்லிக் கேட்ட மாதிரிதான் இருக்கும். வெப்பம் கூடக்கூட, 31 டிகிரியில் நடக்க வேண்டியது 33-ல் நடக்கிறது. மினசோட்டாவில் அந்த இரண்டு டிகிரியால் ஒன்றும் ஆகாது. ஐ-95-ல் அதுதான் எல்லாமே.

அதனால், ஸ்னோ நம்மிடம் வராவிட்டால் நாம் போகலாம். எடிசனிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போகோனோ மலை. அங்கே ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் அடி உயரம். நமக்கு மழை பெய்யும் பல நாட்களில் அங்கே பனி. நம் மாநிலத்திலேயே சசெக்ஸ் மாவட்டத்தில் ஹை பாயிண்ட், 1,803 அடி. மழை என்று தெரிந்துவிட்ட சனிக்கிழமைகளில் பிள்ளைகளையும் ஒரு டப்பா புளியோதரையையும் ஏற்றிக்கொண்டு வடமேற்கே கிளம்பியிருக்கிறேன். ரூட் 80-ல் மேலே ஏற ஏற வண்டியின் வெப்பமானி 38, 36, 34 என்று இறங்கும், பின்சீட்டில் பிள்ளைகள் சத்தமாக எண்ணுவார்கள். 32 வரும்போது கண்ணாடியில் விழுகிற துளி துளியாக இருக்காது. சாலைக்கு உப்பு போட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, புயலின் உச்சத்தில் போகாமல், அது ஓய்ந்தபிறகு போங்கள். இன்னும் வெறி அதிகமானால் ஒண்டாரியோ ஏரிக்குக் கிழக்கே டக் ஹில் பீடபூமி இருக்கிறது. அங்கே ஏரிக்காற்றே பனி தயாரிக்கும், நார்ஈஸ்டரின் தயவு வேண்டாம். எரி ஏரி பக்கம் பஃபலோவுக்குத் தெற்கே ஆர்ச்சர்ட் பார்க்கில் 2022 நவம்பரில் சில நாளில் 80 அங்குலம் விழுந்தது. அதிலும் பாருங்கள், பனி கொட்டிய அந்தக் குறுகிய பட்டைக்குச் சில மைல் வடக்கே இருந்தவர்களுக்கு அதில் சொற்பம்தான். அவர்களுக்கும் நம் வருத்தம் உண்டு.

மகள் அழுதாள் என்றீர்களே. இங்கே பள்ளிப் பிள்ளைகள் லீவு வேண்டி பைஜாமாவை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு படுப்பார்கள், தலையணைக்கடியில் ஸ்பூன் வைப்பார்கள், டாய்லெட்டில் ஐஸ் கட்டி போட்டு ஃப்ளஷ் செய்வார்கள். உங்கள் மகளும் செய்திருப்பாள். கலெக்டர் லீவு விடுவாரா என்று ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்த நமக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சடங்குகளைத் தடுக்காதீர்கள். அதோடு அவளுக்கு ஒரு வேலையும் கொடுங்கள்.

ஒன்றரை அடிக்கு இரண்டடி ஒட்டுப்பலகை ஒன்றை எடுத்து வெள்ளை பெயிண்ட் அடித்து, மரமும் சுவரும் இல்லாத இடமாகப் புல்தரையில் வையுங்கள். பனிக்கடியில் தொலையாமல் பக்கத்தில் ஒரு குச்சி நட்டுக்கொள்ளுங்கள். 2016 புயலில் வாஷிங்டன் விமான நிலையத்தில் அளவுப் பலகையே பனிக்குள் காணாமல் போய், அளவு சரியா தப்பா என்று பெரிய சர்ச்சை ஆனது. அங்குலத்தைப் பத்தாகப் பிரித்த அளவுகோலால் அளந்து, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கோகோராஸ் என்று ஒரு தன்னார்வ வலையமைப்பு இருக்கிறது, 1998-ல் கொலராடோவில் தொடங்கியது. வீட்டு முற்றத்து அளவுகளை அதற்கு அனுப்பலாம். வானிலை அலுவலகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. பூஜ்யம் என்றாலும் அனுப்பச் சொல்வார்கள், எங்கே விழவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அளக்க முடியாத அளவு சிறிதாக விழுந்தால் 'ட்ரேஸ்' என்பதற்கு T என்று ஓர் எழுத்து போட்டால் போதும்.

எங்கள் வீட்டு நோட்டு பதினாலு வருடப் பழசு. என் பெரியவள் ஒன்பது வயதில் எழுதத் தொடங்கியது. அதில் 2016 ஜனவரி 23-க்கு எதிரே ஒரு பக்கம் முழுக்க மணிவாரியாக எண்கள், பென்சில் முனை உடைகிற அழுத்தத்தில். அதற்கு இரண்டு பக்கம் தள்ளி, நானே அன்றைக்குப் பார்க்க மறந்துபோன ஒரு பிப்ரவரி செவ்வாய்க்கிழமை: "காலை 6.40. அப்பா 10 என்றார். 0.4. ஆனால் ஊஞ்சல் மேல் மட்டும் 0.6."